ஆயிரம் அடிக்கு மூன்று மைல்

ஏறுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மலை ஏறுகிறவர், பதவி ஏறுகிறவர், அடுத்தவர் தலைமேல் ஏறுகிறவர் என்று அவர்களில் பல பிரிவு. நான் உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கப்போவது இறங்குகிறவர் இனம். அதிலும் ஓர் உயர்ந்த உட்பிரிவு. எங்கிருந்து இறங்க ஆரம்பிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர். இந்த உயிரினத்துக்கு 'இறக்கக் கணக்கர்' என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன். அந்த உரிமை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இவர்களில் ஒருவரை என் அக்கா இருபத்தாறு வருடத்துக்கு முன்பு கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள்.

அத்தான் பயணிகள் விமானம் ஓட்டுகிற கேப்டன். கூட வேலை பார்ப்பவர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'முக்கோணம்' என்று கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டால் சந்தோஷப்படுவார் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

விஷயம் ரொம்பச் சின்னது. பெரிய விமானம் உயரத்திலிருந்து பொத்தென்று இறங்க முடியாது. மூன்று டிகிரிச் சரிவில், வருவதே தெரியாமல், சாய்வாக வர வேண்டும். உயரம் ஒரு பக்கம், தூரம் அடிப்பக்கம், சரிவு மூன்றாவது பக்கம் என்று ஒரு முக்கோணம். எவ்வளவு தூரத்தில் ஆரம்பிப்பது? ஆயிரம் அடிக்கு மூன்று மைல். முப்பதாயிரம் அடியில் பறக்கிறீர்களா, தொண்ணூறு மைல் இருக்கும்போதே மூக்கைத் தாழ்த்திவிட வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது? வேகத்தில் பாதி, பின்னால் ஒரு சைபர். வேகம் நூற்று நாற்பது என்றால் பாதி எழுபது, சைபர் சேர்த்தால் எழுநூறு. அவ்வளவுதான், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. விமானத்தில் இருக்கிற கணினி இதை நீங்கள் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் போட்டுத் திரையில் காட்டிவிடும். ஆனால் இறக்கக் கணக்கருக்குக் கணினி சொல்வது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் செய்தி மாதிரி. காதில் வாங்கிக்கொள்வார். நம்ப மாட்டார்.

சரி, ஆகாயத்தில் கணக்குப் போடட்டும், அது சம்பளம் வாங்குகிற வேலை. தரைக்கு வந்த பிறகாவது நிறுத்துவாரா? நீங்கள் இந்த இனத்தோடு பழகியதில்லை என்று தெரிகிறது.

அத்தான் காரோட்டும்போது சிவப்பு விளக்கைக் கண்டால், விளக்கு அடுத்த தெருவில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கார் மெல்ல, மெல்ல, மிக மெல்ல ஊர்ந்து, பின்னால் வருகிற அத்தனை பேரும் ஹாரன் அடிக்க, சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்க, பிரேக்கைத் தொடாமலே கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நிற்கும். "பார்த்தியா?" என்பார். அதற்குள் விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பாகியிருக்கும். விருந்துக்குப் போனால் புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இறங்க ஆரம்பித்துவிடுவார். முதலில் சிரிப்பைக் குறைப்பார். பிறகு நாற்காலி நுனிக்கு வருவார். பிறகு பதில்களை ஒற்றைச் சொல்லாக்குவார். கடைசியில் வீட்டுக்காரர்களே, "உடம்பு சரியில்லையா? கிளம்புங்களேன்" என்று வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். எவ்வளவு மென்மையான இறக்கம் என்று வழியெல்லாம் பூரித்துப்போவார்.

பூங்காவில் குழந்தைகள் சறுக்கு விளையாடுகிற பலகையைப் பார்த்தால் அவருக்கு மனசு ஆறாது. "முப்பது டிகிரி! இது இறங்குறது இல்லடா, விழுறது. யாரு இதுக்கு அனுமதி குடுத்தாங்க?" என்று என்னைக் கேட்பார். என்னவோ நான்தான் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அவர் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததை அக்கா இன்றும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். எல்லா அப்பாவும் "இதோ பார், ஏரோப்ளேன் வருது" என்று கரண்டியைக் காட்டித்தானே ஊட்டுவார்கள்? அத்தானும் காட்டினார். ஆனால் கரண்டி கூடத்தின் மறுகோடியிலிருந்து புறப்படும். சோபாவைத் தாண்டி, மேசையைத் தாண்டி, மூன்று டிகிரிச் சரிவில், ஆடாமல் அசையாமல் அவர் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் குழந்தை பசியில் வீறிட்டு ஓய்ந்து வாயை மூடிக்கொள்ளும். உடனே கரண்டி மேலே ஏறி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மறுகோடியிலிருந்து வரும். "ஓடுபாதை மூடிடுச்சு, நான் என்ன பண்ண?" என்பார். கஞ்சி ஆறியது ஓடுபாதையின் தவறு.

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இனத்தின் கணக்கு ஒருநாளும் தவறுவதில்லை. இறங்க வந்து, இறங்க முடியாமல், மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவதைக் 'கோ அரவுண்ட்' என்பார்கள். அத்தானும் தன் காலத்தில் சில தடவை அப்படிச் செய்திருக்கிறார். ஒரு தடவை காற்று. ஒரு தடவை மழை. ஒரு தடவை முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு நகரவில்லை. ஒரு தடவை நரி. ஆனால் 'நான் உயரமாக வந்துவிட்டேன்' என்பதற்காக? ஒரு தடவைகூடக் கிடையாது. இந்த ஒற்றைப் பெருமையை அவர் இருபத்தாறு வருடமாக வீட்டில் பாதுகாத்து வந்தார். நாங்களும் கூடவே இருந்து கேட்டுப் பாதுகாத்தோம்.

அக்கா அவர் ஓட்டும் விமானத்தில் ஏறியதே இல்லை. "வீட்டுல கேக்குறது பத்தாதா?" என்பாள். போன மாதம் விதி வேறு மாதிரி எழுதியிருந்தது. மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். அவளைப் பார்க்க நாங்கள் போக வேண்டிய நாளில் அந்த ஊர் விமானத்தை ஓட்டியது அத்தானேதான். முதல் நாள் மாலையிலிருந்தே அவர் கால் தரையில் இல்லை.

"காப்பியைக் கையில வச்சுக்கோ. இறங்குறப்ப அது அசையுதா பாரு" என்றார் அக்காவிடம்.

"அசைஞ்சா?"

"அசையாது."

"அசைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"கேள்வியே தப்பு" என்றார் அத்தான்.

மறுநாள் காலை நானும் அக்காவும் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். விமான ஓட்டிகளின் அறைக்குள் நடந்ததை எனக்குப் பிறகு அத்தானும் சொன்னார், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானியும் சொன்னாள். தனித்தனியாகத்தான் சொன்னார்கள். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர எல்லாம் ஒத்துப்போயிற்று.

துணை விமானி சின்னப் பெண், கெட்டிக்காரி. அவளும் ஓர் இறக்கக் கணக்கர் என்பதுதான் அன்றைய விசேஷம். அத்தான் மனக்கணக்கு என்றால், அவள் காற்றின் வேகத்தை உயரவாரியாகப் பிரித்துச் சராசரி எடுக்கிற கட்சி. ஒரே சின்ன அறையில் இப்படி இரண்டு பேரைக் கதவைச் சாத்திப் பூட்டிவைப்பது நல்லதா? நீங்களே சொல்லுங்கள்.

முப்பத்தாறாயிரம் அடியில் விமானம் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர வேண்டிய ஊர் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடி மேலே. ஆக இறங்க வேண்டியது முப்பத்து நாலாயிரம். மூன்றால் பெருக்கினால் நூற்றிரண்டு மைல். வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பத்து மைல். நூற்றுப் பன்னிரண்டு. இதுவரை இரண்டு பேருக்கும் சண்டையில்லை. பின்னாலிருந்து தள்ளுகிற காற்றுக்கு எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் வந்தது வினை. அத்தான் ஆறு மைல் சேர்த்து நூற்றுப் பதினெட்டு என்றார். கீழே போகப்போகக் காற்று குறையும், அதனால் மூன்று மைல் போதும், நூற்றுப் பதினைந்து என்றாள் அவள். வித்தியாசம் மூன்று மைல். அந்த வேகத்தில் அரை நிமிடம்கூட இல்லை. இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன.

தரையிலிருந்த கட்டுப்பாட்டு அதிகாரியோ தங்கமான மனுஷர். "எப்ப வேணும்னாலும் இறங்கிக்கங்க" என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்டார். இந்த இனத்திடம் 'எப்ப வேணும்னாலும்' என்ற வார்த்தையைச் சொல்லவே கூடாது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். விமானிகளுக்கு முன்னால் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. எந்த உயரத்துக்கு இறங்க வேண்டுமோ அதை அந்தத் திருகைத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பாவிட்டால், கணினி எத்தனை அழகாகக் கணக்குப் போட்டிருந்தாலும் விமானம் பேசாமல் நேரே போய்க்கொண்டிருக்கும். அதற்கு என்ன வந்தது?

நூற்றுப் பதினெட்டு வந்தது. அத்தான் திருகை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார், இன்னும் மூணு மைல் இருக்கு" என்றாள் அவள், பணிவாக.

அத்தானின் கை அந்தரத்தில் நின்றது. "இல்லம்மா. காத்து எவ்வளவு சொல்லு?"

"இங்க அறுபது சார். ஆனா கீழ காத்தே இல்ல. சராசரி எடுத்தா..."

"சராசரி காகிதத்துக்குச் சரி. நான் இந்த ஊருக்கு வர ஆரம்பிச்சப்ப நீ ஸ்கூல் பை மாட்டிட்டுப் போயிருப்ப."

"அப்பவும் காத்து கீழ குறைஞ்சுதான் சார் இருந்திருக்கும்."

"முடிக்க விடும்மா. முக்கோணத்தோட அடிப்பக்கம் எது?"

அவள் முடிக்க விடவில்லை. இவரும் விடவில்லை. நூற்றுப் பதினெட்டு போயிற்று. நூற்றுப் பதினைந்து போயிற்று. நூற்றுப் பத்து, நூறு, தொண்ணூறு என்று மைல்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் விடைபெற்றன. அத்தானின் கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது, இப்போது முக்கோணம் வரைந்துகொண்டு. கணினி திரையில் 'திருகைத் திருப்புங்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை யார் கேட்டார்கள்?

கடைசியில் கட்டுப்பாட்டு அதிகாரியே கூப்பிட்டார். "நீங்க எங்க ஊருக்குத்தான வர்றீங்க? இல்ல, தாண்டிப் போறீங்களா?"

இரண்டு பேரும் தூரத்தைப் பார்த்தார்கள். எண்பத்தைந்து.

அத்தான் திருகைத் திருப்பிய வேகத்தில் அது கையோடு வந்திருக்க வேண்டும். விமானம் மூக்கைக் குத்தியது. வேகம் ஏறியது. வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் தகடுகளைத் தூக்கினார். விமானம் குலுங்கியது. நான்காவது வரிசையில் அக்கா காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அசையுதுடா" என்றாள். அசையவில்லை என்று நானும் சொல்லியிருப்பேன், அதில் பாதி என் சட்டையில் இல்லாதிருந்தால்.

பெரிய விமானத்திடம் ஒரு கெட்ட குணம். இறங்கச் சொன்னால் வேகம் ஏறும். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் இறங்க மாட்டேன் என்னும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் முரண்டு பிடிக்கும். இந்த மாதிரி சமயத்தில் சாதாரண மனுஷர் என்ன செய்வார்? "மேலே இருக்கிறோம், ஒரு சுற்றுச் சுற்றிவர இடம் கொடுங்கள்" என்று கேட்பார். துணை விமானி அதைத்தான் சொன்னாள்.

"சார், ஒரு சுத்து கேக்கட்டுமா?"

"எதுக்கு? வந்துடும்."

தங்கமான கட்டுப்பாட்டு அதிகாரி அப்போது இன்னொரு தங்கமான காரியம் செய்தார். வானம் காலியாக இருக்கிறது, வளைந்து வர வேண்டாம், நேரே ஓடுபாதைக்கு வாருங்கள் என்று பத்து மைலைக் குறைத்துக் கொடுத்தார். ஏற்கெனவே தூரம் போதாமல் தவிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் உண்டா? "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், ஏன் வேண்டாம் என்று அவர் கேட்பாரே! கேட்டால், உயரமாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! அதுவும் நான்காவது வரிசையில் மனைவியை வைத்துக்கொண்டு!

"ரொம்ப நன்றி" என்றார் அத்தான்.

ஓடுபாதை தெரிந்தது. அதன் ஓரத்தில் நான்கு விளக்குகள் உண்டு. சரியான சரிவில் வந்தால் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். தாழ்வாக வந்தால் நான்கும் சிவப்பு. உயரமாக வந்தால் நான்கும் வெள்ளை.

"நாலும் வெள்ளை சார்" என்றாள் அவள்.

"தெரியுதும்மா."

"வேகமும் ஜாஸ்தி."

"குறையும். இன்னும் நாலு மைல் இருக்கு, நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு இறங்கினா..."

தரையிலிருந்து ஆயிரம் அடிக்கு வரும்போது வேகம், சரிவு எல்லாம் அடங்கி ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். விமான நிறுவனத்தின் சட்டம் அது. ஏறினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஏறாமல் இறங்கினால் ஓடுபாதை போதாமல் மறுமுனையைத் தாண்டி வயலில் போய் நிற்க வேண்டியிருக்கலாம். நிற்கிற மாதிரி இருந்தால். பின்னால் நூற்றறுபது பேர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே ஊரைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி. நானும்தான்.

ஆயிரம் அடி வந்தது. அத்தானின் உதடு இன்னும் பெருக்கிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், துணை விமானியும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். "வந்துடுமோன்னு ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையா இருந்துச்சு அங்கிள்" என்று என்னிடம் சொன்னாள். விமானமே பொறுக்கமாட்டாமல், இறங்கும் வேகம் அதிகம், அதிகம் என்று தன் இரும்புக் குரலில் கத்தியது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு விடை மறந்து போயிற்று. நல்ல வேளை.

"கோ அரவுண்ட், சார்!"

அத்தான் அவளைப் பார்த்தார். நான்கு வெள்ளை விளக்குகளைப் பார்த்தார். பிறகு பல் பிடுங்கிக்கொள்கிறவர் குரலில், "கோ அரவுண்ட்" என்று தானும் சொல்லிவிட்டு, இயந்திரக் கைப்பிடிகளை முன்னால் தள்ளினார். விமானம் உறுமிக்கொண்டு எழுந்தது. ஓடுபாதை எங்களுக்குக் கீழே ஓடி மறைந்தது.

மேலே வந்து, சக்கரங்களை உள்ளே இழுத்து, விமானம் நிதானத்துக்கு வந்ததும் அவர் மைக்கைக் கையில் எடுத்தார். அவர் வாய் 'காற்று' என்பதற்குத் தயாராகக் குவிந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகத் துணை விமானி சத்தியம் செய்கிறாள். காற்று என்று சொல்லியிருக்கலாம். நூற்றறுபது பேரில் யார் போய் அளந்து பார்க்கப்போகிறார்கள்? பறவை என்று சொல்லியிருக்கலாம். நரி ஏற்கெனவே பழக்கப்பட்டது. நான்காவது வரிசையில் எங்களுக்குக் கேட்டது இதுதான்:

"கேப்டன் பேசறேன். பயப்பட ஒண்ணுமில்ல. இப்ப நாம இறங்க வந்து மறுபடி மேல ஏறிட்டோம். ஓடுபாதை..." ஒரு செருமல் கேட்டது. "...ஓடுபாதை நல்லாத்தான் இருக்கு. காத்தும் நல்லாத்தான் இருக்கு. நான்தான் உயரமா வந்துட்டேன். இறங்க ஆரம்பிக்க வேண்டிய நேரத்துல நான் பேசிட்டிருந்துட்டேன். தப்பு என்னோடது. ஒரு சுத்து சுத்தி, ஒழுங்கா வர்றேன்."

பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. எனக்கு என் அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படித் தோன்றியது அன்றைக்குத்தான். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயைப் பிளந்தபடி கூரையிலிருந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலைக்கு மேல் இருந்த பொத்தானை அழுத்தினாள். விமானப் பணிப்பெண் பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, மயக்கமா வருதா?"

"இல்லம்மா" என்றாள் அக்கா. "அவரு கடைசியா என்னவோ சொன்னாரே, யாரு தப்புன்னு. அத மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுவீங்களா? இருபத்தாறு வருஷமா காத்திருக்கேன், சரியா காதுல விழல."

இரண்டாவது தடவை வந்தார். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. சக்கரம் தரையைத் தொட்டது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா விசிலே அடித்தாள், அவளுக்கு அது தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இந்த இடத்தில், அத்தான் திருந்திவிட்டார் என்று நான் முடித்தால் நீங்கள் நிம்மதியாக எழுந்து போவீர்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். வெளியே வரும் வழியில் அத்தானும் துணை விமானியும் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து போனார்கள்.

"இருந்தாலும் நூத்திப் பதினெட்டுதான்மா."

"நூத்திப் பதினஞ்சு சார்."

"உன் பிடிவாதம் இருக்கே..."

"சார், காத்து கீழ..."

வாசல் வந்தது. வாசலில் மகள் நின்று கையை ஆட்டினாள். இரண்டு பேரும் அவளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கழிப்பறைப் பக்கம் திரும்பி, சுவரில் போய் முட்டுகிற வரைக்கும் நடந்தார்கள். "அப்பா! இங்க!" என்று அவள் கத்தியது விமான நிலையத்தில் அத்தனை பேருக்கும் கேட்டது.

இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று சொன்னேனே, அந்த ஒரு விஷயம் இதுதான். நூற்றுப் பதினெட்டா, நூற்றுப் பதினைந்தா? எனக்கு விடை தெரியும். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

எரிச்சலாக இருக்கிறதா? இவ்வளவு தூரம் இழுத்துவந்துவிட்டு விடையைச் சொல்லாமல் போகிறானே என்று தோன்றுகிறதா? அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்றோ, கேப்டன் அனுபவத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்றோ இந்நேரம் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டீர்களா? அப்படியானால் நீங்களும் இந்த இனம்தான், கொஞ்சம் தலையைத் தூக்குங்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் வெகு நேரமாக நின்றுகொண்டு உங்களை ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.